நரம்பு வளர மூலிகை: வல்லாரை, மஞ்சள், அந்த ஜெர்மன் முள்ளுச்செடி... விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குடியாத்தம்_பேட்டை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 26. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை. தோல் வெட்டும் கத்தி நழுவி வலது மணிக்கட்டின் உள்பக்கம், சுண்டுவிரல் ஓரமாக ஆழமாக இறங்கிவிட்டது. சுண்டுவிரல் பக்கம் போகும் அல்நார் நரம்பு அறுந்துவிட்டது என்று சொல்லி மறுநாளே ஆபரேஷன் செய்து தைத்தார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. சுண்டுவிரலிலும் மோதிரவிரலின் ஒரு பக்கத்திலும் உணர்ச்சி சுத்தமாக இல்லை. இரண்டு விரலும் மடங்கியே நிற்கின்றன. டாக்டர் மெத்தில்கோபாலமின் (பி12 வைட்டமின்) மாத்திரையும் பயிற்சியும் கொடுத்து, நரம்பு தானாக வளரவேண்டும், பொறுத்திருங்கள் என்கிறார்.

வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை. அம்மா தினமும் வல்லாரைத் துவையல் அரைக்கிறார். மாமா அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் வாங்கி வந்து கொடுத்துவிட்டார். எதிர்வீட்டில் மஞ்சள், மிளகு போட்டுப் பால் கொடுக்கச் சொல்கிறார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது: ஜெர்மனியில் ஒரு முள்ளுச்செடியிலிருந்து நரம்பை வளரவைக்கும் மருந்து கண்டுபிடித்துவிட்டார்களாம். எது உண்மை? எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கலாமா? இரவில் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒற்றடமும் கொடுக்கிறோம். ரத்த ஓட்டம் வந்தால் நல்லதுதானே?

கரிகிரி_பழையவன் எழுதியது:

தம்பி, மூலிகை எல்லாம் அப்புறம். அந்த ஒற்றடத்தை இன்றைக்கே நிறுத்துங்கள்.

உணர்ச்சி இல்லாத கையில் சூடு வைத்தால், சுடுகிறது என்று அவருக்கே தெரியாது. காலையில் பார்த்தால் கொப்புளம் இருக்கும். உணர்ச்சியற்ற தோலில் புண் வந்தால் ஆற நாளாகும், விரலும் இறுகிவிடும். தொழுநோயாளிகளின் கைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். வலிக்காத கையை வைத்துக்கொண்டு மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்று பார்த்திருக்கிறேன். டீ டம்ளர், பைக் சைலன்ஸர், தோசைக்கல், பீடி நெருப்பு. தம்பி சிகரெட் பிடிப்பவராக இருந்தால் இடது கைக்கு மாற்றச் சொல்லுங்கள், விடச் சொன்னால் இன்னும் நல்லது. புகை ரத்தக் குழாயைச் சுருக்கும்.

குடியாத்தம்_பேட்டை எழுதியது:

ஐயோ, இது யாரும் சொல்லவில்லையே ஐயா. கை வெளுத்துப்போய் வறண்டு இருக்கிறது என்றுதான் ஒற்றடம் கொடுத்தோம். இன்றோடு நிறுத்திவிடுகிறேன்.

கரிகிரி_பழையவன் எழுதியது:

வறட்சிக்கும் காரணம் நரம்புதான். வியர்வைச் சுரப்பிக்கும் அதே நரம்பு வழியாகத்தான் கட்டளை போகிறது. நரம்பு அறுந்தால் வியர்வை நிற்கும், தோல் காய்ந்து வெடிக்கும். சாதாரணத் தண்ணீரில் கையை இருபது நிமிடம் ஊறவைத்து, ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுங்கள். தண்ணீர் சூடா என்று இடது கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் வலது கை உள்ளே போகவேண்டும். மடங்கிய விரல்களை மறு கையால் மெதுவாக நீட்டிவிடவேண்டும், ஒரு நாளில் பல தடவை. நரம்பு நாளைக்கே வளர்ந்து வந்தாலும் மூட்டு இறுகிக் கிடந்தால் பிரயோஜனம் இல்லை.

கசப்பு_வேப்பம்பூ எழுதியது:

காட்பாடியில் மருந்தியல் ஆய்வு மாணவி நான். மருத்துவர் இல்லை. இந்தத் தலைப்பில் கட்டுரைகள் படிப்பதே என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நரம்பு எப்படி வளர்கிறது என்று பார்த்துவிடலாம். கைக்கு வரும் நரம்பு இழைகளின் செல்கள் கழுத்துப் பகுதியில், தண்டுவடத்திலும் அதன் ஓரத்திலும் இருக்கின்றன. அங்கிருந்து விரல்நுனி வரை நீளும் இழைக்கு ஆக்ஸான் என்று பெயர். வெட்டு விழுந்தால் அதற்குக் கீழே உள்ள துண்டு செத்துச் சிதையும். இதை 1850இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பில் காட்டினார். ஆனால் அந்த இழையைச் சுற்றியிருந்த ஸ்வான் செல்கள் சாவதில்லை. குப்பையை அகற்றிவிட்டு வரிசையாக நின்று, மேலிருந்து வரும் புது இழைக்கு வழிகாட்டுகின்றன. சர்ஜன் தைப்பது நரம்பின் உறையைத்தான். உள்ளே இருக்கும் இழை தானாக வளர்ந்து போகவேண்டும்.

வேகம்? மனிதர்களுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். தையலைத் தாண்டவே ஆரம்பத்தில் சில வாரம் போய்விடும். ஆகவே எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் அரை வருடக் கணக்கு. இரண்டு மாதத்தில் நுனியில் உணர்ச்சி வரவில்லை என்பது கெட்ட செய்தி இல்லை.

இனி வல்லாரை. இதில் நிஜமாகவே ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. 2005இல் அமெரிக்காவில் சௌம்யநாத் குழு வெளியிட்டது. எலியின் கால் நரம்பை நசுக்கிவிட்டு, வல்லாரையின் எத்தனால் (சாராயம்) வடிசாற்றைக் குடிநீரில் கலந்து கொடுத்தார்கள். கொடுத்த எலிகள் சீக்கிரம் நடந்தன, ஆக்ஸான்களும் வேகமாக வளர்ந்திருந்தன. கிண்ணத்தில் வளர்த்த செல்களிலும் சோதித்தார்கள். எத்தனால் வடிசாறு, நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தோடு சேர்ந்து இழைகளை நீளவைத்தது. தண்ணீரில் எடுத்த சாறு அந்த அளவில் வேலை செய்யவில்லை. வேலை செய்த பொருட்களில் முக்கியமானது ஏசியாட்டிக் அமிலம். அது தண்ணீரில் லேசில் கரையாது.

இப்போது கணக்கு. அந்த எலிகளுக்குக் கொடுத்தது ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 300 மில்லிகிராமுக்குச் சற்று மேல். எலி அளவை மனித அளவாக மாற்ற, உடல் பரப்பைக் கணக்கில் எடுத்து 6.2ஆல் வகுப்பது வழக்கம். 60 கிலோ மனிதருக்கு நாளுக்கு ஏறத்தாழ 3 கிராம் வருகிறது. மூன்று கிராம் இலை இல்லை, மூன்று கிராம் வடிசாறு. துவையலில் அது வராது.

மஞ்சளும் அதே கதை. மஞ்சளின் சத்தான கர்குமின் கொடுத்த எலிகளின் நரம்பு நன்றாகத் தேறியதாக நிறைய ஆய்வு இருக்கிறது. அவற்றில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்ற அளவு சகஜம். மேலே சொன்ன வகுத்தலைப் போட்டால் தம்பிக்குத் தினம் 1 கிராம் கர்குமின். மஞ்சள்தூளில் கர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு போல இருக்கும். ஆக முப்பது கிராமுக்கு மேல் மஞ்சள்தூள், தினமும். அதிலும் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு.

ஏரிக்கரை_எழில் எழுதியது:

அதுக்குத்தானே அக்கா மிளகு? மிளகு போட்டால் இருபது மடங்கு ஏறும் என்கிறார்களே, புருடாவா?

கசப்பு_வேப்பம்பூ எழுதியது:

புருடா இல்லை, நம் பக்கத்து ஊர் ஆய்வுதான். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்தது. 2 கிராம் கர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் (மிளகின் காரச் சத்து) கொடுத்தபோது, உடலில் சேர்ந்த அளவு 2000 சதவீதம் கூடியது. ஆனால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாததை இருபது மடங்கு பெருக்கியிருக்கிறோம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம் பைப்பரின் எப்படி வேலை செய்கிறது என்பதும் முக்கியம். கல்லீரலும் குடலும் ஒரு பொருளை உடைத்து வெளியேற்றும் வழியை அது அடைக்கிறது. கர்குமினுக்கு மட்டும் அடைத்துவிட்டு மற்ற மருந்துக்குத் திறந்துவிடாது. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடாயின் அளவு ரத்தத்தில் கூடுவது சோதனையில் தெரிந்த விஷயம். பைப்பரின் சேர்த்த மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் வீங்கியவர்களைப் பற்றி அமெரிக்காவிலிருந்து அறிக்கைகள் வந்திருக்கின்றன. ரசத்தில் போடும் மிளகைச் சொல்லவில்லை. மாத்திரையைச் சொல்கிறேன்.

சர்க்கரை_வாத்தியார் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பாகாயத்தில் இருக்கிறேன், ஓய்வுபெற்ற ஆசிரியர். பதினைந்து வருடமாகச் சர்க்கரை. இரண்டு பாதமும் எரிகிறது, இரவில் தூக்கம் இல்லை. மேலே சொன்ன வல்லாரை எனக்கும் ஆகுமா?

கசப்பு_வேப்பம்பூ எழுதியது:

சார், உங்களுடையது வேறு வகை. அங்கே ஒரு இடத்தில் வெட்டு இல்லை. எல்லா நீள நரம்புகளும் நுனியிலிருந்து மெல்லத் தேய்கின்றன. அதனால்தான் பாதத்தில் முதலில் வருகிறது. வல்லாரையின் ட்ரைடெர்பீன்களை (ஏசியாட்டிக் அமில வகைச் சத்துகள்) சர்க்கரை நரம்பு நோயாளிகளிடம் சின்ன அளவில் சோதித்திருக்கிறார்கள். மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற தொல்லை குறைந்ததாகச் சொன்னார்கள். மருந்தாக எழுதிக்கொடுக்க அது போதாது.

நீங்கள் மெட்பார்மின் சாப்பிடுகிறீர்களா? வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையும். பி12 குறைவும் இதே எரிச்சலைத் தரும், அதிலும் சைவம் என்றால் இன்னும் சீக்கிரம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இன்னொன்று: எரிச்சல் குறைவது வேறு, நரம்பு சரியாவது வேறு. மிளகாயின் காப்சைசினை 8 சதவீதப் பட்டையாக ஒட்டுகிறார்கள். வலி குறைகிறது. அது நரம்பை வளர்ப்பதால் இல்லை, தோலில் இருக்கும் வலி நரம்பு நுனிகளைச் செயலிழக்கச் செய்வதால்! (மிளகாயை அரைத்துக் காலில் பூசிவிடாதீர்கள், தயவுசெய்து.)

கரிகிரி_பழையவன் எழுதியது:

வாத்தியார் சார், தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெறுங்காலோடு கோயிலைச் சுற்றுவதை வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

வைத்தியர்_ஒடுகத்தூர் எழுதியது:

சித்த மருத்துவப் பட்டம் பெற்று ஒடுகத்தூரில் மருத்துவம் பார்க்கிறேன். வேப்பம்பூ சகோதரி எழுதியதில் பெரும்பகுதி எனக்குச் சம்மதம். ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன்.

தண்ணீர்ச் சாறு வேலை செய்யவில்லை, எத்தனால் சாறு வேலை செய்தது என்றால் எங்களுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. வல்லாரையை நாங்கள் கஷாயமாக மட்டும் கொடுப்பதில்லை, வல்லாரை நெய் என்று ஒன்று இருக்கிறது. கொழுப்பில் கரையும் சத்து நெய்யில் இறங்கும். பாலில் கொடுப்பதும் அப்படியே. பாட்டி துவையலில் நல்லெண்ணெய் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆய்வுக்கூடம் சாராயத்தில் எடுத்ததை நாங்கள் நெய்யில் எடுக்கிறோம்.

மற்றபடி, அறுந்த நரம்புக்கு மூலிகை மட்டும் போதும் என்று எந்த வைத்தியராவது சொன்னால் அவரிடமிருந்து விலகி வாருங்கள். அறுந்ததைச் சேர்ப்பது சர்ஜன் வேலை. என்னிடம் இப்படி வருபவர்களுக்கு, தழும்பு ஆறிய பிறகு மணிக்கட்டுக்கு மேல் எண்ணெய் தேய்த்துத் தொக்கணம் (சித்த முறை மசாஜ்) கொடுப்பேன். ஒற்றடம் கொடுப்பதில்லை, கரிகிரி ஐயா சொன்ன அதே காரணம்.

கசப்பு_வேப்பம்பூ எழுதியது:

டாக்டர், நெய் விஷயம் நியாயமான ஊகம், நான் மறுக்கவில்லை. ஆனால் ஊகம்தான். வல்லாரை நெய்யில் ஏசியாட்டிக் அமிலம் எத்தனை மில்லிகிராம் இறங்குகிறது என்று அளந்து, அது ஒரு ஆளின் ரத்தத்தில் எவ்வளவு வருகிறது என்று பார்த்தால்தான் அந்த எலிக் கணக்கோடு ஒப்பிட முடியும். ஒரு ஸ்பூன் நெய்யில் மூன்று கிராம் வடிசாற்றின் சத்து ஏறுமா என்பது எனக்குச் சந்தேகம்.

எலி ஆய்வுகளைப் பற்றி இன்னும் ஒன்று. பெரும்பாலானவற்றில் நரம்பை இடுக்கியால் நசுக்குகிறார்கள், வெட்டித் தைப்பதில்லை. நசுக்கினால் உறை அறுவதில்லை, வழி அப்படியே இருக்கும். அந்த எலி எந்த மருந்தும் கொடுக்காமலே சில வாரத்தில் நன்றாக நடந்துவிடும். மருந்து காட்டும் லாபம் என்பது சில நாள் முன்னதாக நடந்தது என்பதுதான். செடான் என்ற சர்ஜன் 1943லேயே நரம்புக் காயத்தை மூன்றாகப் பிரித்தார்: இழை அறாமல் செயல் மட்டும் நிற்பது, இழை அறுந்து உறை தப்புவது, எல்லாமே அறுவது. எலிகளுக்கு இரண்டாவது. தம்பிக்கு மூன்றாவது.

வைத்தியர்_ஒடுகத்தூர் எழுதியது:

அளந்து பார்க்கவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. உங்கள் ஆய்வகத்தில் இடம் இருந்தால் நெய் நான் காய்ச்சித் தருகிறேன். சிரிப்புக்குச் சொல்லவில்லை.

கசப்பு_வேப்பம்பூ எழுதியது:

கைடிடம் கேட்கிறேன் டாக்டர். தனிமடலில் பேசுவோம்.

ஏரிக்கரை_எழில் எழுதியது:

எல்லாம் சரி, ஜெர்மன் மேட்டருக்கு யாரும் வரவில்லையே. வீடியோவில் காட்டிய செடியை நான் பார்த்தேன். இலை முழுக்க முள், மஞ்சள் பூ. எங்கள் ஏரிக்கரையில் வண்டி வண்டியாக முளைத்துக் கிடக்கிறது. படம் கீழே போட்டிருக்கிறேன். குடியாத்தம் அண்ணே, வேண்டுமென்றால் ஒரு கட்டு கொண்டுவந்து தருகிறேன், காசு வேண்டாம்.

வைத்தியர்_ஒடுகத்தூர் எழுதியது:

வேண்டாம்! எழில், நீங்கள் படத்தில் போட்டிருப்பது பிரம்மதண்டு. காம்பை ஒடித்தால் மஞ்சள் பால் வரும், பாருங்கள். குடியோட்டிப்பூண்டு என்றும் சொல்வார்கள். அதன் விதை கடுகு மாதிரியே இருக்கும். அந்த எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்து 1998இல் டெல்லியில் கால் வீங்கி, இதயம் பாதித்து நிறையப் பேர் மாண்டார்கள். சாங்குவினரின் என்ற நஞ்சு. வீட்டில் இடித்துச் சாப்பிடும் சரக்கு இல்லை இது.

நெறியாளர் எழுதியது:

பிரம்மதண்டு படத்தை நீக்கியிருக்கிறோம். செடிப் படம் போட்டு "இதுதான் அது" என்று எழுதாதீர்கள்.

கசப்பு_வேப்பம்பூ எழுதியது:

ஜெர்மன் விஷயம் நிஜம்தான், வீடியோ சொல்லும் அளவுக்கு இல்லை. எனக்குப் பிடித்த தலைப்பு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நரம்பு இழைக்குள்ளே நுண்குழல்கள் இருக்கின்றன. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது மாதிரி, இழை முன்னேற முன்னேற அவற்றை நீட்டிக்கொண்டே போகவேண்டும். நுனியில் இருக்கும் குழல் சட்டென்று பிரிக்கவும் கட்டவும் முடிகிற நிலையில் இருந்தால் வளர்ச்சி வேகமாக நடக்கும். அந்தக் குழலின் புரதத்திலிருந்து டைரோசின் என்ற ஒரு துண்டை வெட்டியெடுக்கும் நொதி இருக்கிறது. வெட்டியெடுத்தால் குழல் இறுகி நிலைத்துவிடும், வளரும் நுனி மந்தமாகும். பின்னாளில் கொலோன் பல்கலைக்கழகத்துக்குப் போன டீட்மார் ஃபிஷரின் குழு, இந்த வெட்டுதலைத் தடுக்கும் பார்த்தினோலைடு என்ற பொருளைக் கொடுத்தால் சுண்டெலியின் கால் நரம்பு வேகமாக வளர்வதாக 2016இல் காட்டியது. பார்த்தினோலைடு ஐரோப்பாவில் தலைவலிக்குப் பயன்படுத்தும் ஒரு செவ்வந்தி இனச் செடியில் இருக்கிறது. அதை வாய்வழியாகக் கொடுத்துப் பயன் இல்லை. அப்புறம்தான் க்னிசின் வந்தது. மத்தியதரைக் கடல் பகுதியில் வளரும் ஒரு முள்செடியின் கசப்புச் சத்து அது. வாய்வழியாகக் கொடுத்தாலும் விலங்குகளில் வேலை செய்கிறது, மனித நரம்பு செல்களைக் கிண்ணத்தில் வளர்த்துப் பார்த்தபோதும் இழை நீண்டது என்று எழுதினார்கள். மருந்தாக எங்கும் அங்கீகரிக்கப்படவில்லை.

அந்தச் செடி நம் ஊரில் காடாக முளைப்பதில்லை. இன்னொரு ஆபத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பார்த்தினோலைடு என்று படித்துவிட்டு யாராவது பார்த்தீனியம் களையைப் பறிக்கப் போகலாம். அது வேறு செடி, அதில் இருப்பது பார்த்தினின். தொட்டாலே பலருக்குத் தோல் வெந்துபோகும்.

இதே நுண்குழலைத் தொடும் வேறு இரண்டு செடிகள் நம் வாசலிலும் வேலியிலும் இருக்கின்றன. ஒன்று நித்யகல்யாணி. அதிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. நுண்குழல் கட்டுவதைத் தடுத்தே அது புற்றுசெல்லைக் கொல்கிறது. அதே காரணத்தால் கைகால் மரத்து, பாதம் தொங்கிப்போவது அதன் பெயர்பெற்ற பக்கவிளைவு. இன்னொன்று நம் மாநிலப் பூ, செங்காந்தள். கிழங்கில் கோல்சிசின். அதுவும் நுண்குழலைக் கலைக்கும், தசையையும் நரம்பையும் கெடுக்கும், அளவு கூடினால் உயிரையே எடுக்கும். ஒரே இலக்கைத் தொடும் மூன்று செடிச் சத்துகளில் ஒன்று நரம்பை வளர்க்கிறது, இரண்டு நரம்பைக் கெடுக்கின்றன. "மூலிகைதானே, என்ன கெடுதல்" என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

தோல்பட்டறை எழுதியது:

நானும் ஷூ வேலைதான், வாணியம்பாடி. கட்டிங் இல்லை, பசை ஒட்டும் இடம். சில மாதமாக இரண்டு காலும் முட்டிக்குக் கீழே மரத்துப்போகிறது, மாடிப்படி ஏற முடியவில்லை. எனக்கு வெட்டுக்காயம் எதுவும் இல்லை. நானும் அமுக்கரா சாப்பிடலாமா என்று கேட்கத்தான் வந்தேன்.

கசப்பு_வேப்பம்பூ எழுதியது:

அண்ணே, நீங்கள் அமுக்கராவை விடுங்கள். உடனே நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். என்ன பசை, அதில் என்ன கரைப்பான் என்று டப்பாவில் இருப்பதைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். சிலவகைப் பசையில் என்-ஹெக்ஸேன் இருக்கும். மூடிய அறையில் அதை முகர்ந்துகொண்டே வேலை செய்த செருப்புத் தொழிலாளர்களுக்குக் கைகால் நரம்பு கெட்டது இத்தாலியிலும் ஜப்பானிலும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பதிவான விஷயம். உடலில் அது 2,5-ஹெக்ஸேன்டையோனாக மாறி ஆக்ஸானை வீங்கவைக்கிறது. விலகிய பிறகும் சில மாதம் மோசமாகிக்கொண்டே போய், அப்புறம்தான் தேறும். விலகாமல் எந்த மூலிகை சாப்பிட்டும் பயன் இல்லை. உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, சர்க்கரை, பி12, தைராய்டு எதுவாகவும் இருக்கலாம். ஆனால் டாக்டரிடம் "பசை வேலை" என்று நீங்களாகச் சொல்லவேண்டும், அவர் கேட்கமாட்டார்.

கரிகிரி_பழையவன் எழுதியது:

உடம்பில் எங்காவது உணர்ச்சி இல்லாத வெளுத்த தேமல் இருக்கிறதா என்றும் காட்டுங்கள். வடாற்காட்டில் இதைக் கேட்காமல் விடக்கூடாது. தொழுநோய் போய்விட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள், போகவில்லை. மருந்து இலவசம், சீக்கிரம் பிடித்தால் நரம்பு தப்பும்.

செடி மருந்து என்ற பேச்சு வந்ததால் ஒரு பழைய கதை. நீரடிமுத்து எண்ணெய் கேள்விப்பட்டிருப்பீர்கள். டாப்சோன் என்ற தொழுநோய் மருந்து 1940களில் வருவதற்கு முன்னால், உலகம் முழுக்கத் தொழுநோய்க்கு அந்த இன மரங்களின் எண்ணெய்தான் மருந்து. குடித்தால் குமட்டும், ஊசியாகப் போட்டால் உயிர் போகிற வலி. 1915 வாக்கில் ஹவாயில் ஆலிஸ் பால் என்ற கறுப்பினப் பெண் வேதியியலாளர் அதை உடம்பு ஏற்கும் ஊசி மருந்தாக மாற்றினார். அவருக்கு அப்போது வயது இருபத்துமூன்று. சிலருக்குத் தோலில் குணம் தெரிந்தது. செத்த நரம்பை அது திருப்பிக் கொடுத்ததாக எங்கள் பெரியவர்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கையைத் திருப்பிக் கொடுத்தது வேறு வழி. பால் பிராண்ட் 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த சர்ஜன். தொழுநோயில் விரல் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டுத் தேய்கிறது என்று நிரூபித்தவர். தூங்கும்போது எலி விரலைக் கடித்துத் தின்பதுகூடத் தெரியாது. அதற்காக நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். மடங்கிய விரலுக்கு, வேலை செய்யும் வேறு தசையின் நாணை மாற்றிக் கட்டி நிமிர்த்தினார். குடியாத்தம் தம்பி, உங்கள் தம்பிக்கு இருப்பதும் அதே அல்நார் மடக்கம்தான். ஒருவேளை நரம்பு முழுசாக வந்து சேராவிட்டாலும் அந்த வழி இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் மூட்டு இறுகாமல் இருந்தால்தான் அந்த ஆபரேஷனே செய்வார்கள்.

வைத்தியர்_ஒடுகத்தூர் எழுதியது:

ஐயா, தொழுநோயில் நரம்பு வீங்கும்போது கொடுக்கும் பிரட்னிசோலோனையும் செடிக் கணக்கில் கொஞ்சம் சேர்க்கலாம். 1950களில் அந்த வகை ஸ்டீராய்டுகள் ஏழைக்கும் எட்டும் விலைக்கு வந்ததே மெக்சிகோ காட்டுக்கிழங்கில் இருந்த டையோஸ்ஜெனினை வைத்துத்தான். கிழங்கை வேகவைத்துத் தின்றால் ஸ்டீராய்டு ஆகாது, அது வேறு.

ஏரிக்கரை_எழில் எழுதியது:

தின்ன மாட்டேன் டாக்டர், சத்தியம்.

குடியாத்தம்_பேட்டை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பாதி புரிந்தது, பாதியைத் திரும்பப் படிக்கவேண்டும். நேரடியாகக் கேட்கிறேன்: மாமா கொடுத்த சூரணத்தை நிறுத்தவா? இன்னொரு கடையில் "நரம்புச் செந்தூரம்" என்று சிவப்புப் பொடி வாங்கி வைத்திருக்கிறார், லேபிள் இல்லை.

வைத்தியர்_ஒடுகத்தூர் எழுதியது:

லேபிள் இல்லாத சிவப்புப் பொடியைத் திறக்கவே வேண்டாம். உலோகத்தைப் புடம்போட்டு முறையாகச் செய்த செந்தூரம் வேறு, முகவரி இல்லாத பொட்டலம் வேறு. ஈயமும் ஆர்சனிக்கும் தாமே நரம்பைக் கெடுக்கும். ஈயத்தால் மணிக்கட்டே தொங்கிப்போகும்.

கசப்பு_வேப்பம்பூ எழுதியது:

2004இல் அமெரிக்காவின் பாஸ்டனில் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்ததில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. சித்த டாக்டர்கள் கோபிக்கவேண்டாம், முறையான மருந்தைச் சொல்லவில்லை.

அமுக்கராவிலும் சரக்கு இருக்கிறது. அதன் வித்தனோலைடு என்ற சத்துகள் கிண்ணத்தில் நரம்பு இழைகளை நீட்டுவதை ஜப்பானியர்கள் காட்டினார்கள். அது மூளை நரம்பு செல்களில், கை நரம்பில் அல்ல. சிலருக்குக் கல்லீரல் பாதித்த அறிக்கைகளும் இருக்கின்றன, டென்மார்க் 2023இல் தடையே செய்துவிட்டது. தம்பி வலிக்கு வேறு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், ஆபரேஷன் செய்த டாக்டரிடம் சூரணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கும்வரை நிறுத்திவையுங்கள். துவையல் தாராளமாகச் சாப்பிடட்டும். அது கீரை.

குடியாத்தம்_பேட்டை எழுதியது:

செவ்வாய்க்கிழமை ரிவ்யூ போய்வந்தோம். டாக்டர் தழும்புக்குக் கீழே விரலால் தட்டிக்கொண்டே போனார். உள்ளங்கையில் ஒரு இடத்தில் தட்டும்போது சுண்டுவிரல் வரை ஷாக் அடிப்பதாகத் தம்பி சொன்னான். போன தடவை அது தழும்பின் மேலேயே இருந்ததாம், இப்போது கீழே இறங்கியிருக்கிறது என்று டாக்டருக்குச் சந்தோஷம். விரல் மடங்காமல் இருக்க ஒரு பட்டை செய்து கொடுத்தார்கள். சூரணத்தைப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு வேண்டாம்" என்றார். துவையலுக்குச் சிரித்தார். மாமாவுக்குத்தான் முகம் சரியில்லை.

கசப்பு_வேப்பம்பூ எழுதியது:

அந்த ஷாக்குக்கு டினல் அறிகுறி என்று பெயர், வளரும் நுனி எங்கே இருக்கிறது என்று காட்டும். நல்ல செய்தி.

தோல்பட்டறை எழுதியது:

நானும் டாக்டரைப் பார்த்துவிட்டேன். நரம்பு மின்சோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார், பசை இடத்திலிருந்து மாற்றச் சொல்லி லெட்டரும் கொடுத்தார். குடியாத்தம் அண்ணே, தம்பிக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இருக்கிறதா? வேலையில் பட்ட காயம் என்றால், வேலைக்குப் போக முடியாத நாளுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். விபத்து அறிக்கை போயிருக்கிறதா என்று கேளுங்கள், நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

குடியாத்தம்_பேட்டை எழுதியது:

இருக்கிறது. அறிக்கை விஷயம் நாளைக்கே விசாரிக்கிறேன். கரிகிரி ஐயா, கடைசியாக ஒன்று. தம்பி பைக் ஓட்டலாமா என்று நச்சரிக்கிறான்.

கரிகிரி_பழையவன் எழுதியது:

வலது கை பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் பிடிக்கிற கை. பிடியில் பாதி பலம் இல்லை, சைலன்ஸரில் பட்டாலும் தெரியாது. இப்போதைக்குப் பின்னால் உட்காரட்டும். பட்டையை இரவிலும் போடச் சொன்னார்களா, பகலில் மட்டுமா என்று கேட்டு எழுதுங்கள். அதைப் பொறுத்துத்தான் பயிற்சி சொல்லவேண்டும்.